பூக்கட்டும் அம்மாவுக்கு எட்டு மாத இடுப்பு வலி: ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வாங்கி வந்து, வீட்டில் தரையில் உட்கார்ந்து கட்டி விற்கிறார். எட்டு மாதமாக இடுப்பு வலி. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் (அடிமுதுகில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பது) என்று வந்திருக்கிறது. பெல்ட் போட்டும் குறையவில்லை. ஆபரேஷன்தான் வழியா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் இன்றைக்கே அம்மாவிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். சிறுநீர், மலம் போவதில் திடீர் மாற்றம் உண்டா? தொடை இடுக்கில், உட்காரும் இடத்தில் மரத்துப் போகிறதா? நடக்கும்போது ஒரு கால் செருப்பு மட்டும் தானாகக் கழன்று போகிறதா? முதல் இரண்டில் எது இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. செருப்பு கழல்வது பாதத்தைத் தூக்கும் தசை தளர்ந்ததன் அடையாளம். அதையும் தள்ளிப் போடக் கூடாது. விடாத காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய் போன்றவை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இவை இல்லையென்றால் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2015இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், வலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. நரைமுடி மாதிரி வயதோடு வருவது அது. அம்மாவுக்கு ஏன் வலி ஆறவில்லை என்பதை அவருடைய காலைப் பொழுதில் தேடுங்கள்.

இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை இழுத்து உப்பிக்கொள்ளும். காலையில் எழும்போது நம் உயரமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்கின் பின்பக்கச் சுவரில் இழுவிசை மிக அதிகம். பூக்கட்டுகிறவர் என்ன செய்கிறார்? எழுந்ததும் குனிந்து வாசல் தெளித்துக் கோலம், மார்க்கெட்டில் குனிந்து பூக்கூடையைத் தூக்குவது, வந்ததும் சம்மணம் போட்டு வளைந்து உட்காருவது. எல்லாம் அந்த மோசமான நேரத்தில். 1998இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், விடிகாலைக் குனிதலைக் கட்டுப்படுத்தியதிலேயே நாட்பட்ட வலி கணிசமாகக் குறைந்தது. ஆகவே எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிகிற வேலை வேண்டாம். கோலத்தை வீட்டில் வேறு யாராவது போடட்டும், அல்லது அம்மா ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிப் போடட்டும். கூடையை யாராவது எடுத்துத் தர, அவர் இடுப்பு உயரத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

உட்காருவதுதான் பெரிய விஷயம். வெறுந்தரையில் சம்மணமிட்டால் இடுப்பைவிட முழங்கால் மேலே நிற்கும். இடுப்பெலும்பு பின்னால் சரிந்து முதுகு வில்லாக வளையும். பழைய போர்வையை நான்காக மடித்து, 4 அங்குலமாவது உயரம் வரும்படி பிட்டத்துக்கு அடியில் போடுங்கள். முழங்கால் இடுப்பைவிடக் கீழே இறங்கினால் சரி. முதுகு சுவரில் சாயட்டும். பூத்தட்டு தரையில் இருந்தால் தலை தானாகக் கவிழும். அதைச் சின்ன ஸ்டூலில் ஏற்றி, கை தொங்காத உயரத்தில் வையுங்கள். முடிந்தால் நாற்காலி, மேசையே நல்லது. எப்படி உட்கார்ந்தாலும் 25 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போனில் அலாரம் வைத்து, எழுந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். கட்டின சரத்தைத் தண்ணீர் தெளித்து வைக்க எழுவதையே அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டுவர்ட் மெக்கில் வகுத்த மூன்று போதும். ஒன்று, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, இரு கைகளையும் இடுப்பு வளைவுக்கு அடியில் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து லேசாக மட்டும் எழுப்புவது. எழுந்து உட்காரும் சிட்-அப் அல்ல இது. சிட்-அப் டிஸ்க்கை நசுக்கும். இரண்டு, ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் மடக்கி, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. மூன்றாவது, கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி நின்று வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது. இதில் எல்லோரும் காலை உயரத் தூக்கி இடுப்பைக் கோணலாக்கிவிடுவார்கள். பாதித் தண்ணீருள்ள டம்ளரை அடி முதுகில் வைத்துப் பாருங்கள். கொட்டினால் கால் அதிக உயரம் போகிறது என்று அர்த்தம். குதிகாலைப் பின்னால் தள்ளுவதுபோல் நீட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 10 விநாடிப் பிடிப்பு, மூச்சை அடக்காமல். முதலில் 6 முறை, ஓய்வு, பிறகு 4, பிறகு 2. எழுந்தவுடனே வேண்டாம், காலை பத்து மணிக்கு மேல் செய்யலாம்.

கூடவே நடை. வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். முதல் வாரம் 10 நிமிடம், வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டி 30 நிமிடம். வாரம் ஐந்து நாள்.

வலி எப்படி இருந்தால் தொடரலாம்? பத்துக்கு மூன்று, நான்கு அளவில் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை. காலில் இறங்கிய வலி மேலேறி இடுப்பில் மட்டும் நின்றால் அது நல்ல குறி, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும்கூட. இடுப்பிலிருந்து கெண்டைக்காலுக்கு இறங்கினால் அந்த அசைவை நிறுத்திவிடுங்கள்.

பெல்ட்டை மார்க்கெட் போய்வரும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், நாள் முழுக்க வேண்டாம். கரண்ட் மிஷின், இடுப்பை இழுக்கும் டிராக்‌ஷன் இவற்றுக்கே காசைக் கரைக்காதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரை மாதக்கணக்கில் போனால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம்.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நடுவில் இரண்டு மூன்று தடவை வலி ஏறும். அப்போது பயிற்சியைப் பாதியாக்குங்கள், படுக்கையில் போட்டுவிடாதீர்கள். எத்தனை நிமிடம் வலியில்லாமல் பூக்கட்ட முடிகிறது என்று வாரம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு வாரமாகியும் அந்த எண் நகரவில்லை என்றால், காலண்டரையும் எடுத்துக்கொண்டு இராசாசி அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கப் போங்கள். அங்கே அம்மா தரையில் உட்கார்ந்து பூக்கட்டுவதுபோல் செய்து காட்டட்டும்.