பேசிக் சொல்லித்தர இன்டர்பிரட்டரா, கம்பைலரா?

கேள்வி: தொண்ணூறுகளில் ஜிடபிள்யூ-பேசிக் என்ற நிரல் மொழி படித்தவன் நான். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் அதிலிருந்தே ஆரம்பிக்க ஆசை. நண்பரோ, "அது வெறும் இன்டர்பிரட்டர், கம்பைலர் உள்ள கியூபி64 போடு" என்கிறார். எதைப் போடுவது?

பதில்: அந்த "வெறும்" வேண்டாம். இன்டர்பிரட்டர் நிரலை வரிவரியாகப் படித்து அப்போதே இயக்கும்; கம்பைலர் முழு நிரலையும் முதலில் கணினி மொழிக்கு மாற்றிவிட்டுப் பிறகு இயக்கும். 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் மாணவர்களுக்காக உருவாக்கிய முதல் பேசிக்கே கம்பைலர்தான். சில கிலோபைட் நினைவகத்தோடு வீட்டுக் கணினிகள் வந்த பிறகுதான் இன்டர்பிரட்டர் பேசிக் பரவியது. அதனால் எது உசத்தி என்று பார்க்காதீர்கள், மகளுக்கு இப்போது எது உதவும் என்று பாருங்கள்.

ஒரு சின்னச் சோதனை. ஐ என்ற மாறியில் (வேரியபிள்) 1 முதல் 100 வரை எண்ணும் ஃபார்-நெக்ஸ்ட் சுழல் (லூப்) எழுதி, நடுவில் ஸ்டாப் என்று ஒரு வரி சேருங்கள். ஜிடபிள்யூ-பேசிக்கில் நிரல் அங்கேயே நின்று 'ஓகே' காட்டும். "பிரிண்ட் ஐ" என்று தட்டினால் அந்த நொடியில் ஐ-யின் மதிப்பு என்ன என்று சொல்லும். ஐ-யை 90 ஆக மாற்றி "கன்ட்" கொடுத்தால் அங்கிருந்து தொடரும். 'மாறி' என்றால் என்னவென்று அரை மணி நேரம் விளக்குவதைவிட இது மேல்.

இன்டர்பிரட்டரில் ஒரு சங்கடமும் உண்டு. 50-ஆம் வரியில் 'பிரிண்ட்' பிழையாக இருந்தாலும், ஓட்டம் அந்த வரியைத் தொடும்வரை வாயே திறக்காது. கியூபி64 தட்டச்சு செய்யும்போதே பிழையைக் காட்டிவிடும். பிறகு நிரலை சி++ மொழிக்கு மாற்றி, தனியாகவே ஓடும் இஎக்ஸ்இ கோப்பாகத் தரும். தோழியிடம் கொடுத்து விளையாடச் சொல்லலாம்.

வேகமும் அதிகம். நேரம் கடத்துவதற்காக நாம் அந்தக் காலத்தில் போட்ட வெற்று ஃபார்-நெக்ஸ்ட் எல்லாம் அதில் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கென்றே 'டிலே' கட்டளை இருக்கிறது.

என் யோசனை: முதல் இரண்டு மாதம் இன்டர்பிரட்டர், சொந்தமாக விளையாட்டு எழுதக் கேட்கும்போது கியூபி64. பழைய ஜிடபிள்யூ-பேசிக் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. இலவசமாகக் கிடைக்கும் பிசி-பேசிக்கைப் போட்டால் அதே அனுபவம் கிடைக்கும். அப்புறம், சேவ் செய்யும்போது கோப்புப் பெயருக்குப் பின் காற்புள்ளி வைத்து 'ஏ' சேருங்கள். இல்லாவிட்டால் நிரலைச் சுருக்கிச் சேமித்துவிடும், நோட்பேடில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.