புல்லில் கால் வைக்காத அப்பா

வணக்கம் ஐயா,

நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டப் பிடிக்காமல் 1973இல் ராணுவத்தில் சேர்ந்தார். லாரி, லேண்ட்ரோவர் ரிப்பேர்தான் வேலை. கிரிக் பக்கம் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், காட்டுப் பாதையில் பழுதாகி நிற்கும் வண்டிகளைப் பார்க்கப் போவாராம். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார். 21 வருடம் முடிக்காமல் வெளியே வந்ததால் பென்ஷன் இல்லை. டவுனில் மோட்டார் பட்டறை வைத்து எங்களைப் படிக்க வைத்தார்.

கண் புரை அறுவைக்குப் பிறகு தம்பி, "இனி போதும்பா" என்று பட்டறையை மூடி, சாமான்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டான். அதிலிருந்துதான் அப்பா ஆளே மாறிவிட்டார். நடுராத்திரியில் எழுந்து டார்ச் அடித்துப் பின்கதவைப் பார்க்கிறார். கனவில் கத்தினார் என்று தோளைத் தொட்டதற்கு என் மணிக்கட்டை முறுக்கிவிட்டார், அப்புறம் அழுதார். சின்ன வயதிலிருந்தே கவனித்திருக்கிறேன், புல்லில் கால் வைக்கமாட்டார், சிமெண்டில்தான் நடப்பார். இப்போது பேரனையும் "என் கால்தடத்துலயே வா" என்று மிரட்டுகிறார். தூங்குவதற்கென்று தினமும் பீர். "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்று அடிக்கடி சொல்கிறார்.

காத்துக்கருப்பு என்று கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. அப்பாவுக்குப் புத்தி பேதலிக்கிறதா? அங்கே என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா?

ஒரு மகள்

அன்புத் தங்கைக்கு,

அப்பாவுக்குப் பைத்தியம் இல்லை. அந்தக் காட்டுப் பாதைகளில் துப்பாக்கியைவிட ஆளை அதிகம் பயமுறுத்தியது ஜெராங்காப் சாமார், கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் மண்ணில் மறைத்து வைத்த வெடிப்பொறி. மிதித்தால் பாதம் போய்விடும். முன்னால் போனவரின் தடத்தில் கால் வைத்து நடப்பதுதான் பாதுகாப்பு. பேரனுக்கு அவர் சொல்வது மிரட்டல் இல்லை, அன்று உயிர் காத்த பாடம். 1989 டிசம்பர் 2இல் தாய்லாந்தின் ஹட்யாயில் கம்யூனிஸ்டுகளோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் அவர் காலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது போர் விட்டுச்சென்ற மன அதிர்ச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியாகச் சொல்ல டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். மனநல மருத்துவம் இந்த நோய்க்குத் தனிப் பெயர் வைத்ததே 1980இல்தான். அப்பாவின் காலத்தில் இதைப் பற்றி அவரிடம் யார் பேசியிருப்பார்கள்? வேலை ஓயும் வயதில் பழையது கிளம்பி வருவதை முன்னாள் படைவீரர்களிடம் நிறையப் பார்க்கிறோம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டும் வரை மனசு வேறு எங்கும் போகாது. இத்தனை வருடம் பட்டறை அவருக்குச் சோறு மட்டும் போடவில்லை. தம்பி பாசத்தில் செய்தது புரிகிறது, ஆனாலும் அதை மூடியது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டு முற்றத்தில் ஒரு பெஞ்ச், நாலு ஸ்பேனர், அக்கம்பக்கத்து கப்சாய் மோட்டார்சைக்கிள் ஒன்றிரண்டு இருந்தாலே போதும்.

என்ன நடந்தது என்று தோண்டாதீர்கள். வண்டியைப் பற்றிக் கேளுங்கள். எந்த லாரி அடிக்கடி மக்கர் பண்ணியது, சேற்றில் சிக்கினால் எப்படி எடுப்பீர்கள் என்று. சொல்ல வேண்டியதை அவரே அந்த வழியாகச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். கனவில் கத்தினால் தொட வேண்டாம். தள்ளி நின்று விளக்கைப் போட்டு, "அப்பா, வீட்லதான் இருக்கோம்" என்று கூப்பிடுங்கள். பீர் முதலில் தூங்க வைக்கும், பின்னிரவில் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். எவ்வளவு குடிக்கிறார் என்று டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி குறைக்கட்டும்.

எனக்குக் கவலை தருவது அந்தப் "பாரம்" என்ற பேச்சுதான். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். புல் மருந்து, பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள்.

கயிறு இருக்கட்டும், தப்பில்லை. அதோடு இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போய், மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சம்பவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக் கடக்க வைக்கும் சிகிச்சை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. 71 வயதிலும் பலன் கிடைக்கும். பென்ஷன் இல்லாதவர்களும் முன்னாள் படைவீரர் விவகாரத் துறையில் பதிந்துகொள்ளலாம். என்ன உதவி உண்டென்று அங்கே கேளுங்கள். நடுவில் உங்களுக்கே முடியாமல் போனால் சுகாதார அமைச்சின் 15555க்கு அழையுங்கள்.

கவுன்சலர் மலாய்க்காரராக இருந்தால் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். ராணுவத்தில் அப்பா பேசியது மலாய்தானே. மகளிடம் தமிழில் சொல்ல முடியாததை ஒரு வெளியாளிடம் மலாயில் சொல்வது அவருக்குச் சுலபமாகவே இருக்கலாம்.