கிண்ணம் காலியாக வேண்டுமா?

கேள்வி: மகளுக்கு ஆறரை மாதம். மசித்த உணவை நாலைந்து ஸ்பூன் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுகிறாள். செல்போனில் வேடிக்கை காட்டி மீதியை ஊட்டுகிறோம். இது சரியா? அவள் கையிலேயே கொடுக்கலாம் என்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளுமோ என்று பயம்.

பதில்: செல்போனை முதலில் எடுத்து வையுங்கள். முகத்தைத் திருப்புவது, உதட்டை இறுக்குவது, ஸ்பூனைத் தள்ளுவது எல்லாமே 'போதும்' என்று அவள் சொல்லும் விதம். கவனத்தைத் திருப்பி ஊட்டினால், வயிறு நிறைந்ததை உணரும் இயல்பு மழுங்கிப்போகும்.

தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 3 மேசைக்கரண்டி, நாளுக்கு 2 அல்லது 3 வேளை போதும். 8 மாதம் முடிவதற்குள் மெல்ல மெல்ல அரை கப் வரை வரலாம். அதுவரை பாதிக்கு மேல் சக்தி பாலிலிருந்தே கிடைக்கிறது. ஆகவே அளவைவிட அடர்த்தியைப் பாருங்கள். நீர்த்த கஞ்சி சின்ன வயிற்றை வீணாக அடைத்துக்கொள்ளும். ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத பதம் வேண்டும். பிறக்கும்போது இருந்த இரும்புச்சத்து இந்த வயதில் குறைந்துவிடுவதால் பருப்பு, முட்டை, இறைச்சி இவற்றில் ஒன்றாவது தினமும் இருக்கட்டும். உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. வேண்டாமென்று தள்ளிய உணவைச் சில நாள் கழித்துத் திரும்பக் கொடுங்கள். பழக 8, 10 முறைகூட ஆகலாம்.

கழுத்து நிலையாக நின்று, சாய்மானத்துடன் நிமிர்ந்து உட்கார்ந்தால் கையில் கொடுக்கலாம். வேகவைத்த கேரட் அல்லது கனிந்த வாழைப்பழத்தை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். இரு விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். முழு திராட்சை, முழுக் கொட்டைகள், பச்சைக் கேரட், பாப்கார்ன் ஆபத்து.

ஓங்கரிப்பதையும் மூச்சடைப்பதையும் பிரித்தறிவது மிக அவசியம். முகம் சிவந்து, சத்தமாக இருமி, நாக்கை நீட்டினால் ஓங்கரிப்பு. உணவை அவளே வெளியே தள்ளுகிறாள், விரலை வாய்க்குள் விடாதீர்கள். சத்தமே வராமல், அழவும் முடியாமல், உதடு நீலமானால் மூச்சடைப்பு. உடனே தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளிவரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை அழுத்த வேண்டும். மாறி மாறிச் செய்தபடியே ஆம்புலன்ஸை வரவழையுங்கள். ஊட்டும் எல்லோருமே இதைப் பயிற்சியாகக் கற்றிருப்பது நல்லது. சாப்பிடும்போது ஒருபோதும் அவளைத் தனியே விடாதீர்கள்.

எடை ஏறாவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, 9 மாதமாகியும் கட்டியான எதையும் ஏற்காவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.