பைராக் தரும் 50 லட்சம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பயோடெக் யோசனைகளுக்குப் பணம் தரும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் 'பிக்' மானியத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கேள்விகளை அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். புது நிறுவனங்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் ஒரு இன்குபேட்டரில் இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தச் சொல்வதுதான் என் வேலை.

மதுரை, எம்.டெக். மாணவர்: அக்கா, பிக் என்பது கடனா? பங்கு கேட்பார்களா? கம்பெனி இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா?

கடன் இல்லை தம்பி, பங்கும் கேட்பதில்லை. மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை 2012-இல் தொடங்கிய நிறுவனம் பைராக். அது தரும் பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்ட்தான் பிக். அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய், 18 மாதம். வழக்கமாக ஜனவரி 1, ஜூலை 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை அழைப்பு வரும். பெங்களூரு சி-கேம்ப், ஹைதராபாத் ஐகேபி போன்ற கூட்டாளி நிறுவனங்கள் வழியாக நடத்துகிறார்கள்.

தனி ஆளாகவும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஒரு இன்குபேட்டரில் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும். கம்பெனியாக வந்தால் குறைந்தது 51% பங்கு இந்தியக் குடிமக்களிடம் இருக்க வேண்டும். எங்காவது வேலையில் இருப்பவர் என்றால் அந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்று தேவை. அதைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள், பதிவாளர் எப்போதும் விடுப்பில்தான் இருப்பார்.

கோவை, ஸ்டார்ட்அப் நிறுவனர்: சர்க்கரை நோய்ப் புண்ணுக்கான ஹைட்ரோஜெல் கட்டு எங்களுடையது. 'எதை நிரூபிக்கப் போகிறீர்கள் என்பது தெளிவாக இல்லை' என்று நிராகரித்துவிட்டார்கள். சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். என்ன குறை?

படித்தேன். மொத்தம் பன்னிரண்டு வரி. ஏழு வரி இந்தியாவில் சர்க்கரை நோய் எவ்வளவு பெரிய பிரச்சினை என்று சொல்கிறது. மூன்று வரி சந்தை மதிப்பு. கடைசி இரண்டு வரியில் 'புதுமையான ஜெல்லை உருவாக்கிச் சோதித்துச் சந்தைக்குக் கொண்டுவருவோம்' என்று முடித்துவிட்டீர்கள். விண்ணப்பத்தை மதிப்பிடும் டாக்டருக்குச் சர்க்கரை நோயைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. 18 மாதத்தில் சந்தைக்கு வந்துவிடுவோம் என்பதையும் அவர் நம்பப் போவதில்லை.

இந்தப் பணம் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்க மட்டும்தான். உங்கள் கேள்வி எது? ஜெல்லில் இருந்து மருந்து 72 மணி நேரம் சீராக வெளிவருமா? ஸ்டஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களும் கலந்து படிந்த படலத்தை அது உடைக்குமா? இப்போது ஆஸ்பத்திரிகளில் போடும் வெள்ளி கலந்த கட்டைவிட மேலா, சமமா? இதில் ஒன்றைப் பிடித்து, எந்த அளவு வந்தால் வெற்றி, எந்த அளவுக்குக் கீழே போனால் கைவிடுவோம் என்று எண்ணோடு எழுதுங்கள். தோற்கக்கூடிய சோதனையாக இருக்க வேண்டும். 'மேம்பட்ட குணமாக்கல்' என்று எழுதினால் அது தோற்கவே முடியாது, அதனால்தான் மதிப்பெண் வரவில்லை.

இன்னொன்று. விலங்குச் சோதனையைப் பதினைந்தாவது மாதத்தில் போட்டிருக்கிறீர்கள். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பதிவு பெற்ற விலங்குக் கூடமும் இல்லாமல் எலியைத் தொடவே முடியாது. அந்த விண்ணப்பம் முதல் மாதத்திலேயே போக வேண்டும். மரபணு மாற்றிய நுண்ணுயிர் எதையாவது பயன்படுத்தினால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் சேரும். அட்டவணையில் இந்த வரிகளைப் பார்த்தாலே, இவர்களுக்கு வேலை தெரியும் என்று மதிப்பீட்டாளர் புரிந்துகொள்வார்.

சந்தை பற்றி அரைப் பக்கம் போதும்.

சேலம்: ஐடியாவைத் திருடிவிட மாட்டார்களா?

அந்தப் பயம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன் தற்காலிக பேடன்ட் மனு போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய். முழு மனுவுக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. முதலீட்டாளர்கள் முன் மேடையில் யோசனையை விளக்குவதற்கும் கட்டுரை வெளியிடுவதற்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

திருச்சி, சித்த மருத்துவர்: நிலவேம்பை அடிப்படையாக வைத்து டெங்குவுக்கு ஒரு கலவை செய்திருக்கிறேன் மேடம். பேடன்ட், மானியம் இரண்டும் கிடைக்குமா?

ஐயா, பேடன்டில் இரண்டு முட்டுக்கட்டைகள். இந்திய பேடன்ட் சட்டத்தின் 3(p) பிரிவு பாரம்பரிய அறிவுக்கு உரிமை தராது. 3(e) பிரிவு, தெரிந்த பொருட்களை வெறுமனே கலப்பதற்குத் தராது. சித்த நூல்களின் மருந்து முறைகள் மத்திய அரசின் பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகத்தில் ஏறியிருக்கின்றன. பேடன்ட் ஆய்வாளர் முதலில் அங்கேதான் தேடுவார்.

ஆனால் நீங்கள் ஒரு குறிப்பிட்ட கூறைப் புதிய முறையில் பிரித்தெடுத்து, ஒவ்வொரு தொகுப்பிலும் அதே அளவு இருக்கும்படி செய்திருந்தால் அந்த முறைக்கு வாதாடலாம். இந்திய மூலிகை என்பதால் பேடன்ட் வழங்கப்படும் முன் தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன் தலைமையகம் சென்னைத் தரமணியிலேயே இருக்கிறது, டெல்லிக்கு அலைய வேண்டாம்.

மானியத்துக்கு, 'டெங்குவைக் குணப்படுத்தும்' என்ற வாக்கியத்தை முதலில் எடுத்துவிடுங்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் வைரஸ் பெருக்கம் குறைகிறதா என்பது வரை கேளுங்கள். அதுவே 18 மாதத்துக்குத் தாராளமான வேலை.

ஈரோடு: மானியம் வாங்கித் தருகிறோம், 10% கமிஷன் என்கிறார் ஒருவர்.

வேண்டாம். மானியப் பணத்தில் கமிஷனுக்கு இடமே இல்லை. அப்புறம் கணக்கில் எங்கே காட்டுவீர்கள்?

சென்னை: எங்களுடையது பயோடெக் இல்லை, சென்சார், மென்பொருள். எங்கே போவது?

எதை அளக்கும் சென்சார் என்று நீங்கள் சொல்லவில்லை. நோயாளியின் உடலை அளப்பது என்றால் மருத்துவக் கருவியாக பிக்கிலேயே வரலாம். இல்லையென்றால், முன்மாதிரி செய்ய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ், 10 லட்சம் வரை. 2021-இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் இன்குபேட்டர் வழியாக 20 லட்சம் வரை மானியம். ராணுவத்துக்குப் பயன்படும் என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் பாருங்கள்: அதன் வழக்கமான சவால்களில் 1.5 கோடி வரை உண்டு, ஆனால் உங்கள் பங்கையும் போட வேண்டும். மூன்றுக்கும் ஒரே விண்ணப்பத்தை வெட்டி ஒட்டி அனுப்பாதீர்கள், தெரிந்துவிடும்.

ஓசூர்: எங்களுக்குத் தேர்வாகிவிட்டது! பணம் வந்த பிறகு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வாழ்த்துகள். மொத்தமும் ஒரே நாளில் வராது, இலக்கை எட்ட எட்டத் தவணையாக வரும். இரண்டு தவணைக்கு நடுவே ஒருவர் சம்பளத்துக்காவது கையில் பணம் வைத்திருங்கள், நல்ல குழுக்கள் உடைவது இந்த இடைவெளியில்தான். மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. அதில் வரும் வட்டி அரசுடையது, உங்களுடையது அல்ல. செலவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். ஒரு தலைப்பில் ஒதுக்கியதை இன்னொன்றில் செலவழிக்க வேண்டி வந்தால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ரசாயனம் வாங்கக் கொடுத்த பணத்தில் லேப்டாப் வாங்கிவிட்டு, ஆடிட்டர் கேட்கும்போது முழிக்கக் கூடாது.

நியூ ஜெர்சி: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். அமெரிக்காவில் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அரசு தரும் எஸ்பிஐஆர் மானியத்துக்கு என் கம்பெனி தகுதி பெறுமா?

கம்பெனியின் பாதிக்கு மேல் உங்கள் பெயரில் இருந்தால், பெறாது. அமெரிக்கக் குடிமக்களோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களோ பாதிக்கு மேல் வைத்திருக்க வேண்டும், ஊழியர்கள் 500-க்குள். அப்படி ஒரு கூட்டாளி இருந்தால் வழி உண்டு.

எஸ்பிஐஆர் 1982-இல் சட்டமானது. பெரிய ஆராய்ச்சி பட்ஜெட் உள்ள மத்திய அமைப்புகள் அதில் 3.2% சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். நம் ஊரில் அப்படிக் கட்டாய ஒதுக்கீடு வந்தால் நன்றாக இருக்கும் என்பது என் பல நாள் ஆசை. ஆனால் எஸ்பிஐஆர் சட்டத்தின் காலம் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்து, புது அழைப்புகள் நின்றன. வக்கீலுக்குச் செலவு செய்யும் முன் இன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்: சோதனை தோற்றுவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

சொன்ன வேலையைச் செய்து, கணக்கும் நேராக இருந்தால் வேண்டாம். செலவழிக்காத மிச்சத்தைத் திருப்ப வேண்டும். இறுதி அறிக்கையில் வராத முடிவையும் எண்ணோடு எழுதுங்கள், மூடி மறைக்க வேண்டாம். அடுத்த முறை வேறு யோசனையோடு நேர்காணலுக்குப் போகும்போது முதல் கேள்வியே இதைப் பற்றித்தான் இருக்கும்.