சிறிய டிராக்டருக்கு மூடிய கேபின் தேவையா?

வாசகர் கேள்வி: 35 எச்பி அளவில் சிறிய டிராக்டர் ஒன்று வாங்கப் போகிறேன். ஐந்து ஏக்கர் நிலம், அதில் ஒரு பகுதி பழத்தோட்டம். புல் வெட்டுவது, ரோட்டவேட்டர் ஓட்டுவது, லோடரில் எரு அள்ளுவது, ஆண்டுக்கு நாலைந்து முறை மருந்து அடிப்பது, இவைதான் வேலை. எனக்கு வயது 52. தூசி பட்டால் இழுப்பு வரும். ஏசி வைத்த மூடிய கேபின் எடுக்கச் சொல்கிறார் டீலர். இத்தனை சின்ன வண்டிக்கு அது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் உறைத்தது, தூசி பட்டால் இழுப்பு வரும் என்ற அந்த ஒரு வரிதான். வெயிலையும் மழையையும் குளிரையும் எப்படியாவது சமாளித்துவிடலாம். தலைக்கு மேல் ஒரு கேனோபி, நல்ல மழைக்கோட்டு, வேலையை அதிகாலைக்கு மாற்றிக்கொள்வது என்று வழி இருக்கிறது. தூசிக்கும் இரைச்சலுக்கும் அப்படிச் சுலபமான வழி கிடையாது. ஆகவே கேபின் எடுப்பதா வேண்டாமா என்பதை இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டுமே கேபின் வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தாலும் குறுக்கே நிற்கக்கூடியது ஒன்று உண்டு, அது உயரம். மூன்றையும் பார்ப்போம்.

காய்ந்த மண்ணில் ரோட்டவேட்டர் ஓடும்போது பின்னாலிருந்து மெல்லிய காற்று வீசினால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். வண்டியும் காற்றும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகும். கிளம்பிய புழுதி விலகாமல் கூடவே வரும். ஓட்டுபவர் அந்தப் புழுதிக்குள்ளேயே உட்கார்ந்து வரப்பு வரைக்கும் போவார், திரும்பி எதிர்க்காற்றில் வரும்போதுதான் மூச்சு விடுவார். கண்ணுக்குத் தெரியும் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் அடி வரை இறங்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். மண்ணில் சிலிக்கா இருக்கும். பூசணம் பிடித்த வைக்கோலையும் எருவையும் கிளறினால் பூஞ்சை வித்துகள் பறக்கும். ஏற்கெனவே இழுப்பு உள்ளவருக்கு இது அசௌகரியம் என்று சொல்லிக் கடந்துபோகிற விஷயம் இல்லை.

ஆனால் நாலு பக்கமும் கண்ணாடி போட்டதாலேயே தூசி நின்றுவிடாது. பிளோயர் வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக உள்ளே தள்ளி, கேபினுக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் பெடல் இடுக்கு, லீவர் துளை, கதவு ரப்பர் என்று எங்கே சந்து இருந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியே போகும். தூசி உள்ளே வராது. உள்காற்றையே சுற்றவிடும் நிலையில் வைத்துவிட்டால் இந்த அழுத்தம் உருவாகாது. சீக்கிரம் குளிரட்டும் என்று நாள் முழுக்க அந்த நிலையிலேயே ஓட்டுபவர்கள் நிறையப் பேர். பிறகு கேபினுக்குள்ளும் தூசி வருகிறதே என்று வருத்தப்படுவார்கள்.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கதவுகளை மூடுங்கள், வெளிக்காற்று நிலையில் வைத்து பிளோயரை முழு வேகத்தில் விடுங்கள். டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, கதவை நூல் அளவு திறந்து அந்த இடுக்கில் பிடியுங்கள். காகிதம் வெளிப்பக்கமாக மடிந்து நிற்க வேண்டும். பெடலுக்கு அடியிலும் லீவர் வரும் இடங்களிலும் இதேபோலப் பிடித்துப் பாருங்கள். எங்காவது காகிதம் உள்பக்கம் மடிந்தால், புல் வெட்டும் நாளில் தூசி அந்த வழியாகத்தான் வரும்.

அடுத்தது இரைச்சல். திறந்த டிராக்டரில் முழு வேகத்தில் வேலை செய்யும்போது ஓட்டுபவரின் காதருகே 85 டெசிபலுக்கு மேல் போவது சாதாரணம், 90-ஐத் தாண்டுவதும் உண்டு. அமெரிக்காவின் நியோஷ் என்ற பணியிட உடல்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபலுக்கு 8 மணி நேரத்தை வரம்பாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 டெசிபலில் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் ஒரே ஒரு மணி. நல்ல கேபின் இந்த இரைச்சலை வரம்புக்குக் கீழே கொண்டுவந்துவிடும். காதடைப்பானும் அதே வேலையைச் செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். செய்யும், தினமும் போட்டால். இத்தனை ஆண்டுகளில் நான் பயிற்சி கொடுத்தவர்களில் முதல் வாரம் போட்டுவிட்டுப் பிறகு ஆணியில் மாட்டிவைத்தவர்களே அதிகம். காது ஒரே நாளில் போவதில்லை. குழந்தையின் மெல்லிய குரல் கேட்காமல் போகும்போதுதான் தெரிகிறது, அதற்குப் பிறகு அது திரும்புவதும் இல்லை.

மருந்து அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்லவேண்டும். கேபினுக்குள் இருந்தால் முகமூடி வேண்டாம் என்ற எண்ணம் ஆபத்தானது. ஐரோப்பாவின் ஈஎன் 15695 தரநிலை டிராக்டர் கேபின்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகைக்குக் குறிப்பிட்ட பாதுகாப்பு எதுவும் கிடையாது. இரண்டாவது தூசியை மட்டும் தடுக்கும். மூன்றாவது தூசியோடு மருந்துத் திவலைகளையும் தடுக்கும். நான்காவது வகை மட்டுமே ஆவியையும் தடுக்கும். சிறிய டிராக்டர்களில் வழக்கமாக வருவது மடிப்புக் காகித ஃபில்டர். அது தூசிக்கானது, மருந்து ஆவி அதன் வழியே தாராளமாக உள்ளே வரும். உங்கள் டீலரிடம் இந்த கேபின் எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள். நான்காம் வகை என்று சொல்லாவிட்டால், மருந்து லேபிளில் சொல்லியிருக்கும் உடையும் முகமூடியும் உள்ளேயும் வேண்டும். இன்னொன்று: அடைத்த நாசிலைச் சரிசெய்ய இறங்கி, அதே கையுறையோடும் பூட்ஸோடும் ஏறினால் மருந்து ஸ்டீயரிங்கிலும் மிதியடியிலும் ஒட்டிக்கொள்ளும். திறந்த வண்டியில் காற்று அடித்துக்கொண்டு போவது மூடிய பெட்டிக்குள் தங்கிவிடும். கையுறையை வெளியே ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

இப்போது உயரம். சிறிய டிராக்டர் கேபின்கள் பலவும் 2.1 முதல் 2.3 மீட்டர் வரை இருக்கின்றன, டயர் அளவைப் பொறுத்து மாறும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம், அதாவது ரோப்ஸ், திறந்த வண்டியில் நிமிர்ந்து நிற்கும்போது அதுவும் ஏறக்குறைய அதே உயரம்தான், சில மாடல்களில் கேபினைவிடக்கூட அதிகம். வித்தியாசம் என்னவென்றால் சட்டத்தை மடக்கலாம், கேபினை மடக்க முடியாது. சட்டம் ஒல்லியான கம்பி, கிளைகளுக்கு இடையில் நுழைந்துவிடும். கேபின் அதே உயரத்தில் முழு அகலத்துக்கும் கண்ணாடியோடு நிற்கும்.

வாங்க நினைக்கும் மாடலின் உயரத்துக்கு ஒரு மூங்கில் கழியை வெட்டிக்கொள்ளுங்கள். கேபின் அகலத்துக்கு இன்னொரு கழியை அதன் உச்சியில் குறுக்காகக் கட்டுங்கள். அதைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, டிராக்டர் போகவேண்டிய எல்லா இடத்திலும் ஒருமுறை நடந்துவாருங்கள். ஷெட் வாசல், கூரைச் சரிவு, தோட்டத்தின் ஒவ்வொரு வரிசை, மழைக்குப் பின் தொங்கும் கிளை. கழி ஓரிரண்டு இடத்தில் தட்டினால் கிளையை வெட்டிச் சமாளிக்கலாம். வரிசைக்கு வரிசை தட்டினால், உங்கள் நுரையீரல் என்ன சொன்னாலும் இந்த கேபின் உங்கள் தோட்டத்துக்கு ஆகாது. கதவைத் திறந்துவைத்து ஓட்டி மரத்தில் மாட்டி, கீலோடு பெயர்ந்து வந்த கதவுகளை நானே கழற்றிப் போட்டிருக்கிறேன்.

இதையும் கணக்கில் எடுங்கள்: ஒரு வேலைக்கு எத்தனை முறை இறங்குகிறீர்கள்? இரண்டு மணி நேரம் இறங்காமல் புல் வெட்டினால் கேபினின் பலன் முழுக்கக் கிடைக்கும். கல் பொறுக்க, கேட் திறக்க, கருவி மாற்ற என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கினால் கதவு ஒரு தொல்லையாகிவிடும். லோடர் வேலையில் பக்கெட்டின் முனையைப் பார்க்கக் கேபின் தூண் மறைக்கும். பக்கத்தில் ஆள் நின்று வேலை செய்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவர் "நிறுத்து" என்று கத்துவது உள்ளே கேட்காது. கேபின் வண்டி வந்த முதல் நாளே கை சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கண்ணில் படாவிட்டால் வண்டி நிற்கவேண்டும் என்பது விதியாக இருக்கட்டும்.

மற்ற சுமைகள் சின்னவை, ஆனால் உண்டு. ஏசி கம்ப்ரஸர் எஞ்சினிடமிருந்து சில எச்பியை எடுத்துக்கொள்ளும். பெரிய டிராக்டரில் அது தெரியாது, 25 எச்பி வண்டியில் மேட்டில் ஏறும்போது தெரியும், உங்கள் 35-இல் சமாளிக்கலாம். கேபினின் எடை மேலே ஏறுவதால் சரிவில் வண்டியின் நிலைப்பு சற்றுக் குறையும், ஈர நிலத்தில் டயர் கொஞ்சம் அதிகம் அழுந்தும். ஏசி கண்டென்சரில் புல்தூள் அடைத்தால் குளிர்ச்சி போகும். அது ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள மாடலாக இருந்தால் எஞ்சினும் சூடாகும், புல் வெட்டும் நாளில் மாலையில் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ஷெட்டில் விடக்கூடாது. பிறகு எலி. நாள்கணக்கில் நிற்கும் கேபினில் கூடு கட்டவும் ஒயரைக் கடிக்கவும் அதற்குப் பிடித்த இடம் ஃபில்டர் பெட்டிதான்.

கேபின்தான் பாதுகாப்பு, திறந்த வண்டி ஆபத்து என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மை. கவிழும்போது காப்பது ரோப்ஸ். தொழிற்சாலை கேபினில் அது தூண்களுக்குள்ளேயே இருக்கும், திறந்த வண்டியில் வெளியே நிற்கும். ஸ்வீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது, அதன் பிறகு கவிழ்ந்து இறப்பவர் எண்ணிக்கை அங்கே பெரிதும் குறைந்தது. சட்டம் நிமிர்ந்திருக்க வேண்டும், சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் காக்கும். தோட்டத்துக்காக மடக்கிய சட்டத்தை வெளியே வந்ததும் நிமிர்த்த மறந்துவிடுவதுதான் பெரிய அபாயம். கேபினில் மறக்க எதுவும் இல்லை, அது அதன் ஒரு நல்ல குணம். ஆனால் அங்கேயும் பெல்ட் வேண்டும்.

முதலில் திறந்த வண்டி வாங்கி, பிறகு வேண்டுமானால் கேபின் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலை கேபின் தரை, ரப்பர் தாங்கிகள், குளிர்க் குழாய்கள், ஒயரிங் எல்லாவற்றோடும் சேர்த்து வடிவமைக்கப்பட்டது, பின்னால் சேர்ப்பது நடைமுறையில் ஆகாத காரியம். வெளியில் கிடைக்கும் துணி, தகர உறைகள் மழையையும் காற்றையும் தடுக்கும், அவ்வளவுதான். தரை அடைபடாததால் தூசியும் எஞ்சின் சூடும் கீழிருந்து வரும். ஒலியை உறிஞ்சும் பட்டை இல்லாத தகர உறை இரைச்சலை எதிரொலித்து முன்பைவிட அதிகமாக்குவதும் உண்டு. அதை மாட்டுவதற்காக ரோப்ஸில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ யாரையும் விடாதீர்கள், சட்டத்தின் வலு போய்விடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூங்கில் கழி தோட்டத்தில் தட்டாமல் போய்வந்தால், தொழிற்சாலை கேபினே எடுங்கள். இழுப்பு உள்ள ஒருவர் ரோட்டவேட்டரும் புல்வெட்டியும் எருவும் கையாளப்போகும்போது வண்டி சின்னது என்பது ஒரு காரணமே இல்லை. உள்ளே உட்காரும் ஆளின் நுரையீரலுக்கு வண்டியின் அளவு தெரியாது. வீட்டில் இதைச் சொல்லுங்கள், டீலர் சொன்ன ஏசியைச் சொல்லாதீர்கள். கழி தட்டினால் கேனோபி வைத்த திறந்த வண்டி, நல்ல காதடைப்பான், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தும் துகள் முகமூடி. இழுப்பு உள்ளவர் முகமூடியோடு மணிக்கணக்கில் வேலை செய்வது எல்லோருக்கும் ஒத்துவராது, வாங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். காய்ந்த மண்ணை உழும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் வேறு ஆளை ஏற்பாடு செய்வதும் கௌரவக் குறைவு இல்லை.

கேபின் என்று முடிவானால், கையெழுத்துப் போடும் முன் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, உங்கள் கையாலேயே ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். ஏணி போட்டுக் கூரையில் நாலு போல்ட் கழற்ற வேண்டியிருந்தால் யாரும் அதை மாற்ற மாட்டார்கள். கிளிப்பைத் தட்டினால் கையில் வரவேண்டும். மாற்று ஃபில்டர் இரண்டை வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள். பழையதைத் தட்டிச் சுத்தம் செய்வதாக இருந்தால் கேபினுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, முகமூடி போட்டுக்கொண்டு தட்டுங்கள்.