செம்பருத்தி மொட்டை வெட்டினால் எல்லா இதழும் ஒரே மாதிரி தெரிகிறது. திருகு இதழமைவா, தழுவு இதழமைவா என்று எப்படிச் சொல்வது?

இதழமைவு என்பது மொட்டுக்குள் இதழ்கள் ஒன்றையொட்டி ஒன்று அடுக்கியிருக்கும் முறை. அதைக் கண்டுபிடிக்க, இதழை விட்டுவிட்டு விளிம்பை எண்ணுங்கள். ஐந்து இதழுக்குப் பத்து விளிம்பு. ஒவ்வொரு இதழாக எடுத்து, அதன் இரண்டு விளிம்பில் எது பக்கத்து இதழுக்கு மேலே, எது அடியில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்குமே ஒன்று மேலே, ஒன்று அடியில் என்று வந்தால் திருகு. செம்பருத்தியின் அல்லி இதழ்கள் (நிறமுள்ள இதழ்கள்) இதுதான். ஓர் இதழ் முழுக்க வெளியே, ஒன்று முழுக்க உள்ளே, மற்ற மூன்றும் பாதிப் பாதி என்றால் தழுவு. இரண்டு வெளியே, இரண்டு உள்ளே, ஒன்று மட்டும் பாதி என்றால் குவின்கன்ஷியல். இதை வெட்டாமலே ஐரோப்பியக் காட்டு ரோஜாவில் பார்க்கலாம்: மொட்டில் வெளியே இருந்த புல்லி (பூவை வெளியே மூடும் பச்சை இதழ்) விளிம்பில்தான் சிறு மடல்கள் நீட்டிக்கொண்டிருக்கும், மூடிக்கிடந்த விளிம்பு மொழுமொழுவென்று இருக்கும். இரண்டு புல்லிக்கு இருபக்கமும் மடல், இரண்டுக்கு இல்லவே இல்லை, ஐந்தாவதற்கு ஒரு பக்கம் மட்டும். அவ்வளவு அழகான சான்று வேறில்லை.

உங்களுக்குத் தெளிவாகத் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டுதான். அடிப்பக்கம் வெட்டினால் இதழ்கள் குறுகி, ஒன்றையொன்று மூடாமல் இருக்கும்; பார்ப்பவர் தொடு இதழமைவு (விளிம்புகள் தொட்டு மட்டும் நிற்பது) என்று எழுதிவிடுவார். மறுநாள் விரியப்போகும் மொட்டாக, ஒற்றைச் செம்பருத்தியாகப் பறித்து (அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்களே இதழாகிக் குழப்பும்), புல்லிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் புது பிளேடால் ஒரே இழுப்பில் குறுக்கே வெட்டுங்கள். அழுத்தி அறுத்தால் மடிப்பு இடம் மாறிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். புல்லியைத் தனியாக, இன்னும் இளம் மொட்டில் பாருங்கள். அது தொடு இதழமைவு, விளிம்புகள் ஒட்டி நிற்கும், மூடாது.

திருகின் திசையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரே செம்பருத்திச் செடியில் வலமாகவும் இடமாகவும் சுற்றிய மொட்டுகள் வரும். நித்தியகல்யாணியில் அப்படி மாறாது.

கொன்றைக்கும் அகத்திக்கும் போகும்போது இன்னொரு வேலை உண்டு. பறிக்கும் முன்பே மொட்டில் தாய்த்தண்டை (பூக்களைத் தாங்கும் தண்டு) பார்த்த பக்கம் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்தப் பக்கத்து இதழ் முழுக்க உள்ளே இருந்தால் ஏறுதழுவு (கொன்றை), முழுக்க வெளியே இருந்து மற்றவற்றை மூடினால் இறங்குதழுவு (அகத்தியின் கொடி அல்லி, அதாவது பூவின் பெரிய இதழ்). கொன்றைச் சரம் தொங்குவதால் ‘மேல்பக்கம்’ என்பதை நம்பி வரைந்தால் மலர் வரைபடம் தலைகீழாகிவிடும். சங்குப்பூவிலும் இதே சிக்கல்: விரிந்த பூவில் கொடி அல்லி கீழே இருக்கும்.