ஓட்டை இல்லாத ஸ்டாம்ப் எல்லாம் எரர் இல்லீங்க: அச்சுப்பிழை தபால்தலை வாங்குறது பத்தி கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஸ்டாம்ப் பத்திதான். யாரோ எங்கயோ "உங்க வீட்டு பழைய ஸ்டாம்ப் லட்சம் பெறும்"னு ஒரு வீடியோ போட்டுருக்காங்க போல. சரி, இந்த தடவை முழுக்க ஸ்டாம்பே பேசிடுவோம்.

கேள்வி (திருப்பூர்): அண்ணா, ஓரத்துல ஓட்டையே இல்லாத காந்தி ஸ்டாம்ப் ஒண்ணு, "இம்பெர்ஃப் எரர், ரேர்"னு ஆன்லைன்ல ஒருத்தர் 4,500 சொன்னார். பேசிப் பேசி 3,800க்கு கொண்டு வந்துட்டேன். ஒரே ஒரு பீஸ்தான் இருக்காம், நாளைக்குள்ள சொல்லணுமாம். வாங்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. "ஒரே ஒரு பீஸ்"னு அவரே சொல்லிட்டாருல்ல, அதுதான் காரணம்.

ஸ்டாம்ப் அடிக்கிறது ஒரு வேலை, ஓட்டை போடுறது அதுக்கப்புறம் தனி வேலை. அச்சடிச்ச ஷீட்டு ஓட்டை போடுற மெஷினுக்குள்ள போகாம தப்பிச்சாலோ, இல்ல ரெண்டு ஷீட்டு ஒட்டிகிட்டு போயி எங்கயாவது ஊசி இறங்காம விட்டாலோதான் ஓட்டை இல்லாத ஸ்டாம்ப் பொறக்கும். அப்போ அது ஒத்தையா பொறக்காது, வரிசையாவோ ஷீட்டாவோதான் பொறக்கும். ஒத்தை ஸ்டாம்ப்ல ஓட்டை இல்லன்னா முக்காவாசி நேரம் அது கத்தரிக்கோல் பண்ண வேலை, சுத்தி வெள்ளை ஓரம் கொஞ்சம் அகலமா இருக்குற ஸ்டாம்பா பாத்து பல்லை நறுக்கி விட்டுருப்பாங்க. அதனாலதான் பழைய ஆளுங்க இம்பெர்ஃப்னா ஜோடியாத்தான் வாங்குவாங்க, ரெண்டு ஸ்டாம்புக்கு நடுவுல வெட்டாத இடைவெளி இருக்கணும், அதுல ஓட்டை இருக்கக்கூடாது.

அவர்கிட்ட ஜோடி இருக்கான்னு கேளுங்க. இருக்குன்னு சொன்னாலும் உடனே ஜிபே பண்ணிடாதீங்க, அந்த நடு இடைவெளிய வெளிச்சத்துக்கு சாய்ச்சு ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்க. சில சமயம் ஊசி பேப்பர குத்திருக்கும் ஆனா முழுசா துளைச்சிருக்காது, சின்னச் சின்ன பள்ளமா வரிசையா தெரியும். அது பிளைண்ட் பெர்ஃப், இம்பெர்ஃப் கணக்குல வராது, விலையும் அந்த அளவுக்கு போகாது. ஒத்தை ஸ்டாம்ப்பேதான் வேணும்னு மனசு கேட்டா அதே வெளியீட்டுல சாதா ஸ்டாம்ப் ஒண்ணு கீழ வச்சு பாருங்க, நிஜ இம்பெர்ஃப் சாதா ஸ்டாம்போட பல்லு நுனியையும் மறைக்கிற அளவுக்கு பெருசா இருக்கணும், உள்ள அடங்கிப் போச்சுன்னா நறுக்குனது. மறைச்சுட்டா ஒரிஜினல்னு அர்த்தம் இல்ல, ஷீட்டு ஓரத்து ஸ்டாம்ப்ப வெட்டியும் இப்படி பண்ணலாம், அதனால திரும்பவும் சொல்றேன், ஜோடி.

கேள்வி (கோயம்புத்தூர்): சார், "உலகப் புகழ் எரர் காம்போ"ன்னு தலைகீழ் விமானம் ஒண்ணு, இந்தியாவோட தலைகீழ் ராணி ஒண்ணு, ரெண்டும் சேத்து 2,500 ரூபாய்க்கு ஒரு செல்லர் போட்டுருக்கார். ஒரிஜினல்னு எழுதிருக்கு. விமான ஸ்டாம்ப் நெட்ல கோடிக்கணக்குல போயிருக்கே?

பதில்: போயிருக்குங்க, 2023 நவம்பர்ல ஒத்தை ஸ்டாம்ப் இருபது லட்சம் டாலருக்கு மேல போச்சு. அதனாலயே கொஞ்சம் யோசிங்க, அத யாராவது 2,500க்கு ராணியையும் சேத்து தள்ளி விடுவாங்களா?

விமானக் கதை இதுதான். 1918 மே மாசம் அமெரிக்கால விமானத் தபாலுக்குன்னு 24 சென்ட் ஸ்டாம்ப் வந்துச்சு, சிவப்பு சட்டம், நடுவுல நீலத்துல ஜென்னி விமானம். ரெண்டு கலர்ங்கறதால ஷீட்டு ரெண்டு தடவை அச்சுக்குள்ள போகணும், அப்போ ஒரு ஷீட்டு திருப்பி வச்சு போயிடுச்சு. வில்லியம் ராபின்னு ஒருத்தர் வாஷிங்டன்ல தபால் ஆபீஸ் கவுண்டர்ல 24 டாலர் குடுத்து அந்த 100 ஸ்டாம்ப் ஷீட்ட அப்படியே வாங்கிட்டார், கொஞ்ச நாள்ல 15,000 டாலருக்கு வித்துட்டார். வெளிய வந்தது அந்த நூறுதான்.

2013ல அமெரிக்க தபால்துறையே அந்த டிசைன திரும்ப அடிச்சு வித்துச்சு, ஆறு ஸ்டாம்ப் கொண்ட ஷீட்டா 22 லட்சம் ஷீட்டு. உங்க செல்லர் காட்டுறது பெரும்பாலும் அதுதான். போட்டோவ பெருசு பண்ணி மதிப்பு என்னன்னு பாருங்க, 24 சென்ட்டுக்கு பதிலா 2 டாலர்னு போட்டுருந்தா முடிஞ்சுது. போலின்னு சொல்ல முடியாது, நிஜ ஸ்டாம்ப்தான், ஆனா எரர் கிடையாது, வேணும்னே தலைகீழா அடிச்சது. (சும்மா சுவாரசியத்துக்கு அதுல 100 ஷீட்டுல மட்டும் விமானத்த நேரா அடிச்சு கலந்து விட்டாங்க. அங்க நேரா இருக்குறதுதான் அபூர்வம்!)

ராணி விஷயம் 1854. கம்பெனி ஆட்சிக் காலத்து நாலணா, கல்கத்தாவுல கல்லச்சுல அடிச்சது, சட்டம் சிவப்பு, விக்டோரியா தலை நீலம். இதுவும் ரெண்டு தடவை அச்சு, அதே மாதிரி ஒரு தடவை திருப்பி வச்சுட்டாங்க. இன்னிக்கு உலகத்துல இருக்குறதா தெரிஞ்சது முப்பது சொச்சம்கூட வராது. அந்த நாலணாவுக்கு ஓட்டையும் கிடையாது, கத்தரிச்சுத்தான் ஒட்டுவாங்க. உங்களுக்கு வர்றது கம்ப்யூட்டர் பிரிண்ட்டா இருக்கும், பத்து மடங்கு லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வச்சு பாருங்க, கலர் எல்லாம் புள்ளி புள்ளியா சிதறி தெரியும். கல்லச்சுல கோடு கோடாவே இருக்கும், சிவப்புன்னா சிவப்பு மை, நீலம்னா நீல மை, அவ்ளோதான். சுவத்துல மாட்ட ஆசைன்னா நூறு ரூபாய்க்கு வாங்குங்க, தப்பில்ல.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): மஞ்சள் கலர் விட்டுப்போன பூ ஸ்டாம்ப் ஒண்ணு ஒரு டீலர்கிட்ட பாத்தேன். மிஸ்ஸிங் கலர் நல்ல இன்வெஸ்ட்மென்ட்னு சொல்றாங்களே?

பதில்: இதுல நானே 2,200 ரூபா விட்டவன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

பல வருஷம் முன்னாடி ஒரு கண்காட்சில ஒரு டீலர் இதே மாதிரி பூ ஸ்டாம்ப் காட்டுனார், பூ மட்டும் வெள்ளையா இருந்துச்சு, இலை பச்சை எல்லாம் சரியா இருந்துச்சு. கலர் ஒவ்வொண்ணா தனித்தனியா ஏறும், ஒரு கலர் ஏறாம போறது நடக்கக்கூடியதுதான், அதனால நம்பிட்டேன். வீட்டுக்கு வந்து லூப்ல பாத்தா இடது ஓரத்துல ஒரு நூல் அகலத்துக்கு மட்டும் மஞ்சள் அப்படியே பளிச்சுன்னு இருக்கு. அப்பதான் மண்டைல ஏறுச்சு, யார் வீட்லயோ ஃப்ரேம் போட்டு ஜன்னல் பக்கம் மாட்டி வச்ச ஸ்டாம்ப், ஃப்ரேம் விளிம்பு மறைச்ச இடத்துல மட்டும் வெயில் படல! பச்சையும் நல்லா பாத்தா லேசா நீலம் தட்டிருந்துச்சு, பச்சைக்குள்ள இருந்த மஞ்சளும் போயிடுச்சுல்ல. அடுத்த நாள் போய் கேட்டா "நீங்க பாத்துத்தானே வாங்குனீங்க"ன்னார். பில்லு வாங்கல, என் தப்பு. அந்த ஸ்டாம்ப் இன்னும் ஆல்பத்துல இருக்கு, பக்கத்துலயே 2,200னு பென்சில்ல எழுதி வச்சிருக்கேன்.

மஞ்சளும் ஆரஞ்சும் வெயில்லயே போயிடும், பிளீச் பண்ணியும் எடுப்பாங்க. அதனால அதே ஸ்டாம்ப் சாதாவா ஒண்ணு கைல வச்சுகிட்டு மத்த கலரெல்லாம் அச்சு அசலா ஒத்துப் போகுதான்னு பாருங்க, யூவி லைட்ல பேப்பர் ரெண்டும் ஒரே மாதிரி மின்னுதான்னு பாருங்க. பசையோட இருக்குற மின்ட் ஸ்டாம்ப்னா பரவால்ல, பின்னாடி பசை கெடாம மருந்துல முக்குறது கஷ்டம், ஆனா வெயிலுக்கு பசை ஒரு தடையே இல்ல. ஒப்பிட்டுப் பாக்க சாதா ஸ்டாம்ப் வேணும்னா, புது வெளியீடு எல்லாம் அண்ணா சாலை ஹெட் போஸ்ட் ஆபீஸ்ல பிலாட்டலி பீரோவுல (ஸ்டாம்ப் சேக்குறவங்களுக்கான பிரிவு) முகமதிப்புக்கே கிடைக்கும். இன்வெஸ்ட்மென்ட்னு சொல்லி விக்கிறவர்கிட்ட "இதையே நீங்க என்ன விலைக்கு திருப்பி எடுத்துப்பீங்க"ன்னு கேட்டுப் பாருங்க, மூஞ்சி போற போக்க பாக்கணுமே.

கேள்வி (நாகர்கோவில்): தாத்தா டிரங்க் பெட்டில சங்கு போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் ஸ்டாம்ப் ஒட்டுன பழைய கவர் நாலஞ்சு இருக்கு. ஒண்ணுல "ஆன் எஸ் எஸ்"னு கருப்பு எழுத்து தலைகீழா இருக்கு. ஒருத்தர் 500க்கு கேக்குறார். சித்தப்பா லேமினேட் பண்ணி வைக்கச் சொல்றார்.

பதில்: முதல்ல சித்தப்பாவ நிறுத்துங்க! லேமினேட் பண்ணா அதோட கதை முடிஞ்சுது. தண்ணில ஊற வச்சு ஸ்டாம்ப உரிக்கவும் வேணாம், கவரோட இருக்குறதுதான் அதுக்கு சாட்சி.

உங்க ஊர் பக்கம் முதல்ல திருவிதாங்கூர் சமஸ்தானத்துலயும், அப்புறம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலயும் இருந்ததால இந்த மாதிரி கவர் அங்க பரண்ல இன்னும் கிடைக்குது. சர்க்கார் கடிதத்துக்குன்னு சாதா ஸ்டாம்ப் மேலயே "ஆன் எஸ் எஸ்", அதாவது ஆன் சர்க்கார் சர்வீஸ்னு அச்சடிச்சு விட்டாங்க. எழுத்துக் கோக்குற வேலை, அதனால தலைகீழ், ரெண்டு தடவை அடிச்சது, ஒரு எழுத்து வேற சைஸ்னு பிழை ஏகப்பட்டது, ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக்ல (ஸ்டாம்ப் பட்டியலும் விலையும் போட்ட புத்தகம்) இந்திய சமஸ்தானங்கள் பகுதில வரிசையா போட்டுருப்பாங்க. பிழை இருக்குங்கறதாலயே பெரிய காசு வராது, எந்த மதிப்பு ஸ்டாம்ப்ல எந்தப் பிழைங்கறதுதான் விலை.

ஒரு சோதனை நீங்களே பண்ணலாம். தபால் முத்திரை மையும் அந்த கருப்பு எழுத்தும் ஒண்ண ஒண்ணு வெட்டுற இடத்த லூப்ல பாருங்க. முத்திரை மேல இருக்கணும், எழுத்து கீழ இருக்கணும். எழுத்து முத்திரைக்கு மேல ஏறி உக்காந்திருந்தா யாரோ பின்னாடி அடிச்சு விட்டது. உங்க வீட்டு பெட்டிலயே இருந்ததுன்னா அந்த பயம் கம்மிதான். கேட்டலாக் பாக்காம 500க்கு குடுக்காதீங்க. அவர் தேடி வந்து கேக்குறார்னா சும்மா கேக்கல.

கேள்வி (திருச்சி): ஏற்கெனவே 9,000 குடுத்து ஏமாந்துட்டேன். ரிட்டர்ன் கிடையாதுன்னு சொல்றாங்க. என்ன பண்ண?

பதில்: அவர் கடையா, இதையே தொழிலா விக்கிறவரா? அப்படின்னா "நோ ரிட்டர்ன்"னு எழுதிட்டா தப்பிச்சுட முடியாது, சொன்ன பொருள் வேற வந்த பொருள் வேறன்னா அது குறைபாடுதான். விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், சாட், பணம் போன விவரம் எல்லாம் எடுத்து வச்சுகிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. சரி வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. யாரோ தனி ஆள் தன் ஆல்பத்துல இருந்து ஒண்ணு வித்ததுன்னா நுகர்வோர் சட்டத்துல பிடி கம்மி. பணத்த வாங்கிட்டு ஆளே காணோம்னா உடனே சைபர் மோசடி புகார் எண் 1930க்கு போன் பண்ணுங்க, அதுல லேட் பண்ண பண்ண பணம் கைமாறிடும்.

அடுத்த தடவை பில்லுல "அச்சுப்பிழை, அசல். நிபுணர் சான்றிதழ் வேற மாதிரி வந்தா முழுப் பணம் திருப்பித் தரப்படும்"னு எழுதி வாங்குங்க. லண்டன்ல ராயல் பிலாட்டலிக் சொசைட்டி, நியூயார்க்ல பிலாட்டலிக் பவுண்டேஷன் மாதிரி இடத்துல சான்றிதழ் தருவாங்க, ஆனா செலவும் நாளும் ஆகும், 9,000 ஸ்டாம்புக்கு கட்டுப்படியாகுமான்னு கணக்கு போட்டுக்கோங்க. அந்த வரிய எழுத மாட்டேங்கறவர்கிட்ட வாங்காதீங்க, அது போதும்.

கேள்வி (சேலம்): போன வாரம் போஸ்ட் ஆபீஸ்ல வாங்குன ஷீட்டுல சிவப்பு கலர் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கு. நான் லட்சாதிபதியா?

பதில்: இல்லீங்க. கலர் கொஞ்சம் தள்ளுறது அடிக்கடி நடக்குறதுதான், ஆசைப்பட்டு ஒருத்தர் கொஞ்சம் கூட குடுப்பார். நிஜ எரரா இருந்தாலும் உத்தரவாதம் இல்ல. 1962ல அமெரிக்கால ஹேமர்ஷீல்ட் (ஐ.நா. பொதுச் செயலாளரா இருந்தவர்) ஸ்டாம்ப்ல மஞ்சள் தலைகீழா விழுந்துச்சு, கண்டுபிடிச்சவர் துள்ளி குதிக்கிறதுக்குள்ள தபால்துறை வேணும்னே அதே பிழையோட கோடிக்கணக்குல அடிச்சு விட்டுடுச்சு, இன்னிக்கும் சில்லறைக் காசுக்கு கிடைக்குது. உங்க ஷீட்ட கிழிக்காம, ஓரத்து வெள்ளைப் பட்டையோட, வாங்குன ரசீதோட வையுங்க. பட்டைல கலர் குறியீட்டு புள்ளி இருக்கும், எவ்வளவு தள்ளியிருக்குன்னு அதுலதான் தெரியும். பீரோல புத்தகத்துக்கு அடியில போட்டா ஈரக் காத்துல பசை ஒட்டிக்கும், நிக்க வச்சு வையுங்க.